டோரதி கிர்ஸ்டன்: ஓபரா மேடையும் டூயட் இசைத்தட்டுகளும்

1961ஆம் ஆண்டு. நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் ஓபராவில் (சுருக்கமாக 'மெட்') இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'லா ஃபான்சியுல்லா டெல் வெஸ்ட்' புதிய தயாரிப்பாக மேடையேறியிருந்தது. கலிஃபோர்னியாவில் தங்கம் தேடிப் போனவர்களின் கதை. நாயகி மின்னியாகப் பாடியவர் லியன்டின் பிரைஸ். முதல் நாள் பெரிய வெற்றி. இரண்டாம் முறை மேடையேறியபோது பிரைஸின் குரல் மெல்ல மெல்ல மங்கி, இரண்டாம் அங்கத்தின் நடுவில் பாட முடியாமல் போய்விட்டது. வரிகளைக் கத்திச் சொல்லியே அந்த அங்கத்தை அவர் முடிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் அங்கத்தில் தன் காதலனைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்ற மின்னி ஓடோடி வர வேண்டும். அன்று அப்படி வந்த மின்னி வேறொருத்தி. மாற்றுப் பாடகியாக அழைக்கப்பட்ட டோரதி கிர்ஸ்டன் மூன்றாம் அங்கத்தைப் பாடி ஓபராவை முடித்துக் கொடுத்தார்.

யாரோ விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாடுவது சாதாரண வேலையில்லை. தொண்டை சூடேற நேரமில்லை, சபையோ கலங்கிப் போயிருக்கிறது. அதைச் செய்யக்கூடியவர் என்று மெட் நம்பிய ஆட்களில் கிர்ஸ்டன் ஒருவர்.

இதே கிர்ஸ்டன்தான் அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் கேப்பிடல் இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடகர் கோர்டன் மக்ரேயோடு 'தி டெசர்ட் சாங்', 'தி நியூ மூன்', 'தி ஸ்டூடென்ட் பிரின்ஸ்' என்று வரிசையாக டூயட்களைப் பதிவு செய்தார். ஓபரா பற்றி எழுதுகிறவர்கள் இந்த இசைத்தட்டுகளை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். 'இடையிடையே மெல்லிசையும் பாடினார்' என்று ஒரு வாக்கியம், அத்தோடு சரி. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த டூயட்களில் இருப்பது மெட் மேடையில் இருந்த அதே பாடகி, அதே பயிற்சி, அதே கவனம். சொல்லப்போனால், அவர் எப்படி உருவானார் என்பது ஓபராவைவிட இவற்றில்தான் நன்றாகத் தெரிகிறது.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஓபராவில் பெரும்பாலும் எல்லாமே பாட்டு. ஒலிபெருக்கி கிடையாது, முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் கடைசி வரிசைவரை பாடகரின் குரல் போக வேண்டும். ஆப்பரெட்டா அதன் இளைய சகோதரி. பேச்சு வசனம் உண்டு, நகைச்சுவை உண்டு, வால்ட்ஸ் தாளம் உண்டு. ஆனால் காதலர் இருவரும் பாடுகிற இடம் வந்தால் ஓபராக் குரல்தான் வேண்டும். வியன்னாவிலிருந்து இந்த வகை அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஹங்கேரியில் பிறந்த இசையமைப்பாளர் சிக்மண்ட் ராம்பர்க். அதற்கப்புறம் வந்தது மியூசிக்கல்: பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கிற பாட்டு, கதையோடு இறுகப் பின்னிய பாட்டு. ஆப்பரெட்டா எங்கே முடிகிறது, மியூசிக்கல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. 1926இல் 'தி டெசர்ட் சாங்', 1928இல் 'தி நியூ மூன்' இரண்டுக்கும் பாடல் வரிகள் எழுதியவர்களில் ஒருவரான இரண்டாம் ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன்தான் பின்னாளில் 'ஓக்லஹோமா', 'சவுத் பசிஃபிக்' போன்ற மியூசிக்கல்களையும் எழுதினார்.

கிர்ஸ்டன் 1910 ஜூலை 6 அன்று நியூஜெர்சியின் மான்ட்கிளேரில் பிறந்தார். அம்மா ஆர்கன் வாசிப்பவர், இசை சொல்லிக் கொடுப்பவர். ஆனால் மகளை இசைக் கல்லூரிக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் வசதி வீட்டில் இல்லை. டோரதி 16 வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். தையல் இயந்திரக் கம்பெனியில் கொஞ்ச காலம், டெலிபோன் கம்பெனியில் கொஞ்ச காலம். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பாட்டு கற்றுக்கொண்டார். அப்புறம் வானொலி. அங்கே பாடியதெல்லாம் அன்றாடம் மக்கள் கேட்ட பாடல்கள். ஓபரா அப்போது வெகு தூரத்தில் இருந்தது.

இந்த வானொலிக் காலம்தான் அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் என்று நான் நினைக்கிறேன். ஓபராவில் வளர்ந்த பாடகி பின்னால் மைக் முன்னே வரும்போது குரலை அடக்கக் கற்க வேண்டியிருக்கும். பலருக்கு அது கடைசிவரை கைவராது. கிர்ஸ்டனுக்கோ மைக் முதலில் வந்தது. 3,600 பேருக்கு மேல் உட்காரக்கூடிய பழைய மெட் அரங்கம் பிறகு வந்தது. ஒரு சொல்லைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலப் பாடுவது அவருக்கு ஆரம்பத்திலேயே பழகிப் போயிருந்தது.

வானொலியில் அவரைக் கேட்ட ஒரு பத்திரிகையாளர் கிரேஸ் மூரிடம் அறிமுகப்படுத்தினார். கிரேஸ் மூர் அன்றைக்கு மெட்டின் நட்சத்திரம். நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் தொடங்கி ஓபராவுக்குப் போனவர், ஹாலிவுட்டிலும் 1934இல் வந்த 'ஒன் நைட் ஆஃப் லவ்' படத்தால் உலகமெங்கும் தெரிந்தவர். அவர் தன் செலவில் கிர்ஸ்டனை இத்தாலிக்கு அனுப்பினார். ரோமில் அஸ்டோல்ஃபோ பெஷியா என்ற ஆசிரியரிடம் பாடம். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பாதியில் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. 1940இல் சிகாகோவில் சிறு வேடங்களோடு ஓபரா வாழ்க்கை ஆரம்பித்தது. 1945 டிசம்பர் 1 அன்று 'லா போயெம்'மில் மிமியாக மெட்டில் முதன்முறை பாடினார்.

கிரேஸ் மூர் செய்தது பண உதவி மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓபரா, சினிமா, பிராட்வே மூன்றையும் ஒரே ஆள் செய்யலாம் என்று வாழ்ந்து காட்டியவர் அவர். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஷார்பான்டியேயின் 'லூயிஸ்' மூர் பேர் வாங்கிய வேடம். கிர்ஸ்டனும் பாரிஸுக்குப் போய், அப்போதும் உயிரோடிருந்த ஷார்பான்டியேயிடமே அந்த வேடத்தைப் பாடம் கேட்டார். மூர் 1947 ஜனவரியில் கோபன்ஹேகனில் விமான விபத்தில் இறந்தார். மூர் போட்ட பாதையை அதற்குப் பிறகு கிர்ஸ்டன் தன் வழியில் நீட்டிக்கொண்டு போனார்.

1940களின் இறுதியில் அவருடைய வாரம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஒரு பக்கம் மெட்டில் மிமி, வயலெட்டா. இன்னொரு பக்கம் நெல்சன் எடியோடு சேர்ந்து 'கிராஃப்ட் மியூசிக் ஹால்' வானொலி நிகழ்ச்சி. 1949 செப்டம்பரில் இருந்து ஃபிராங்க் சினாட்ராவோடு 'லைட் அப் டைம்'. இது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் ஒலிபரப்பான நிகழ்ச்சி. லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் கம்பெனி விளம்பரதாரர். 1950 ஜூன் வரை நடந்தது.

சினாட்ராவோடு ஒரே நிகழ்ச்சியில் பாடுவது என்றால் என்ன அர்த்தம்? அந்தக் காலத்தில் மைக்கை ஒரு வாத்தியம்போல வாசிக்கத் தெரிந்தவர் சினாட்ரா. மூச்சு எடுக்கும் சத்தம் கேட்காமல் முகத்தைத் திருப்புவார், சொல்லின் கடைசி எழுத்தை மைக்கில் லேசாக உரச விடுவார். அவர் பக்கத்தில் ஒரு ஓபராக் குரல் முழு வீச்சில் வந்தால் சினாட்ரா காணாமல் போய்விடுவார். குரலை வெறுமனே அடக்கிவிட்டால் ஓபராப் பாடகிக்கே உரிய அந்தப் பளபளப்பு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு பிடிக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் அந்த அளவைப் பிடித்துப் பழகியவர் கிர்ஸ்டன். 1950இல் பிங் கிராஸ்பியோடு 'மிஸ்டர் மியூசிக்' படத்தில் பாடிய டூயட்டிலும் இதே பழக்கம்தான் கைகொடுத்தது. கிராஸ்பி பேசுவதுபோலப் பாடுகிறவர். அவர் முன்னால் கிர்ஸ்டனும் தோளை இறக்கிவிட்டுப் பாடினார்.

அன்றைய மெட்டில் இதெல்லாம் சுலபமாக அனுமதிக்கப்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 1950இல் ருடால்ஃப் பிங் நிர்வாகியாக வந்தார், கெடுபிடி ஜாஸ்தியானது. பாரிடோன் (ஆண்களின் நடுத்தரக் குரல்) பாடகர் ராபர்ட் மெரில் ஹாலிவுட் படத்துக்காக மெட்டின் சுற்றுப்பயணத்தைத் தவிர்த்ததால் 1951இல் நீக்கப்பட்டார், மறுபடி சேர்த்துக்கொள்ள ஓராண்டு ஆனது. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களில் நாயகியாகக் கொடிகட்டிப் பறந்த ஹெலன் ட்ரொபெல், இரவு விடுதிகளில் பாடுவது பற்றிய தகராறில் 1953இல் மெட்டை விட்டே போனார். இந்தச் சூழலில்தான் கிர்ஸ்டன் வானொலியையும் சினிமாவையும் இசைத்தட்டையும் விடாமல் மெட்டிலும் நின்றார். அவர் ஒப்புக்கொண்ட ஓபரா வேடங்களைப் பார்த்தால் அதன் காரணம் ஓரளவு புரியும்: மிமி, வயலெட்டா, மனோன் லெஸ்கோ, பட்டர்ஃப்ளை, டோஸ்கா, லூயிஸ், மின்னி என்று தன் குரலுக்குப் பொருந்துகிற கொஞ்ச வேடங்களைத் திரும்பத் திரும்பப் பாடினார். கனமான வாக்னர் பக்கம் போகவில்லை. கையிலிருக்கும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற குடும்பத் தலைவி மாதிரி குரலைச் செலவழித்தார்.

இப்போது டூயட் விஷயத்துக்கு வருவோம். இது மேலோட்டமாகப் பார்த்தால் எளிது. உள்ளே போனால் உடற்கூறும் ஒலியியலும் சேர்ந்த சிக்கல்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் பேச்சுச் சுருதியில் 'ஈ' என்று இழுங்கள். தெளிவாக 'ஈ' கேட்கும். அதே 'ஈ'யை உங்களால் முடிந்த மட்டும் உச்சத்தில் பாடிப் பாருங்கள். கொஞ்ச உயரத்துக்குப் பிறகு வாய் தானாகத் திறக்கப் பார்க்கும். 'ஈ' மெல்ல 'ஏ', 'ஆ' பக்கம் சாயும். காரணம் இது. நாம் ஒவ்வோர் உயிரெழுத்தையும் அடையாளம் காண்பது வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் எழும் அதிர்வுகளால். 'ஈ'க்கும் 'ஊ'வுக்கும் அந்த முதல் அதிர்வு ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸில் இருக்கும். 'ஆ'வுக்கு 700க்கு மேல். சொப்ரானோ, அதாவது பெண்களின் மிக உயர்ந்த குரல், மேல் ஸ்தாயியில் பாடும் 'A' என்ற மேற்கத்திய சுரம் 880 ஹெர்ட்ஸ், அதற்கும் மேலே உள்ள 'C' 1,000ஐத் தாண்டும். பாடும் சுரமே அந்த முதல் அதிர்வைக் கடந்து போய்விட்டால், எழுத்தை அடையாளம் காட்ட அங்கே ஒன்றுமில்லை. அதனால் சொப்ரானோக்கள் மேலே போகப் போகத் தாடையைத் திறந்து, எல்லா உயிரெழுத்துகளையும் 'ஆ'வை ஒட்டிப் பாடுகிறார்கள். 'ஓபராப் பாடகி என்ன பாடுகிறார் என்றே புரியவில்லை' என்று நாம் சொல்வதில் பாடகியின் குற்றம் பாதிதான், மீதி இயற்பியல்.

இத்தாலிய ஓபராவை நியூயார்க்கில் கேட்கிறவருக்கு இது பெரிய குறையில்லை. மொழியே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் ஆப்பரெட்டாவும் மியூசிக்கலும் கேட்கிறவரின் சொந்த மொழியில் இருக்கின்றன. 'உன்னை விரும்புகிறேன்' என்ற வரி புரியாவிட்டால் டூயட்டே இல்லை. எனவே பாடகி ஒரு தந்திரம் செய்தாக வேண்டும்: நடு ஸ்தாயியில் சொற்களைத் துல்லியமாக வைத்து, உச்ச சுரத்துக்குப் போவதற்கு முன்பே அர்த்தத்தைக் கொடுத்து முடித்துவிட வேண்டும். உச்ச சுரம் வரும்போது கேட்பவருக்கு என்ன சொல் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். அங்கே குரல் மட்டும் பறக்கலாம். கிர்ஸ்டனின் ஆங்கிலப் பதிவுகளில் இந்த வேலை எவ்வளவு சுத்தமாக நடக்கிறது என்று கவனித்துக் கேளுங்கள். மெய்யெழுத்துகளை அவர் விழுங்குவதே இல்லை. ஒரு சொல்லின் கடைசி 'ட்' அல்லது 'ம்' அடுத்த சுரம் வருவதற்குள் முடிந்து, அடுத்த சொல்லுக்கு வாய் தயாராக இருக்கும்.

அடுத்த சிக்கல் இரண்டு குரல்களின் எடை. 'சவுத் பசிஃபிக்' உருவான கதை இதற்கு நல்ல உதாரணம். நாயகன் எஸ்யோ பின்சா, மெட்டின் பெரிய பாஸ் (ஆண்களின் மிகத் தாழ்ந்த குரல்) பாடகர். நாயகி மேரி மார்ட்டின், பிராட்வே குரல். பின்சாவோடு சேர்ந்து பாடினால் தன் குரல் அமுங்கிவிடும் என்று மார்ட்டினுக்குப் பயம். இருவரையும் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் எதிராகப் பாட வைக்காமலே எழுதித் தருகிறோம் என்று இசையமைப்பாளர் ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டீனும் உறுதி கொடுத்தார்கள். முதல் காட்சியில் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் மனதுக்குள் நினைப்பதை மாறி மாறிப் பாடுகிறார்கள். அருமையான காட்சி. ஆனால் அது இரண்டு தனிப்பாட்டுகள், டூயட் இல்லை. 1949இல் பிராட்வே இந்த நிலைக்கு வந்துவிட்டது: ஓபராக் குரலும் மேடைக் குரலும் சேர்ந்து பாட இடமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

கோர்டன் மக்ரே இந்த இடைவெளிக்குச் சரியான ஆள். அவரும் நியூஜெர்சிக்காரர், பிறந்தது ஈஸ்ட் ஆரஞ்ச், மான்ட்கிளேர் இருக்கும் அதே எசெக்ஸ் மாவட்டம். ஓபராப் பாடகர் இல்லை. ஆனால் ஓபராப் பாடகியின் பக்கத்தில் கூசாமல் நிற்கக்கூடிய, முழுத் தொண்டையிலிருந்து வருகிற பாரிடோன். 1955இல் 'ஓக்லஹோமா' படத்திலும் 1956இல் 'கேரசல்' படத்திலும் நாயகன். கிர்ஸ்டனும் இவரும் சேர்ந்து பாடிப் பழகியது 'தி ரெயில்ரோட் ஹவர்' என்ற வானொலி நிகழ்ச்சியில். அமெரிக்க ரயில்வே கம்பெனிகளின் சங்கம் பணம் போட்டு நடத்திய நிகழ்ச்சி. 1948 அக்டோபரில் தொடங்கி 1954 ஜூன் வரை திங்கள்தோறும் ஒலிபரப்பானது. ஒரு முழு ஆப்பரெட்டாவையோ மியூசிக்கலையோ பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குச் சுருக்கிக் கொடுப்பார்கள். மக்ரே நிரந்தர நாயகன். நாயகிகள் மாறி மாறி வருவார்கள், கிர்ஸ்டன் அடிக்கடி வந்தார்.

அரை மணியில் ஓர் ஆப்பரெட்டா! யோசித்துப் பாருங்கள். துணைக்கதைகள் போய்விடும், கோமாளி போய்விடுவான், சேர்ந்திசை பாதி போய்விடும். மிஞ்சுவது காதலர்களும் அவர்களின் டூயட்டும்தான். மேடையில் இரண்டரை மணி நேரம் எடுத்துக் கட்டும் உறவை, சில நிமிடப் பேச்சிலும் ஒரு பாட்டிலும் கேட்பவர் நம்பும்படி செய்ய வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. காதுக்கு மட்டுமே எல்லாம். இந்த வேலையை ஆண்டுக்கணக்கில் செய்த ஜோடி பின்னால் ஸ்டூடியோவுக்குள் போனபோது, யார் எங்கே மூச்சு எடுப்பார் என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருந்தது.

ஸ்டூடியோ ஏன் இந்தப் பழைய ஆப்பரெட்டாக்களைத் தேடிப் போனது என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. 'தி ஸ்டூடென்ட் பிரின்ஸ்' 1924இல், 'தி டெசர்ட் சாங்' 1926இல், 'தி நியூ மூன்' 1928இல் மேடையேறின. முதலாவது 608 காட்சிகள் ஓடியது. அன்று இருந்தது 78 சுழற்சி இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். அமெரிக்காவில் ஒரு நாடகத்தின் மேடைக் குழுவையே வைத்துப் பாட்டுகளை முழுசாகப் பதியும் வழக்கம் 1943இல் 'ஓக்லஹோமா'வுக்குப் பிறகுதான் வேரூன்றியது. 1948இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. சரி, பதியலாம் என்று பார்த்தால் ராம்பர்க் காலத்து மேடைக் குழுக்கள் எங்கே? கலைந்து எத்தனையோ வருடமாயிற்று. ஆகவே ஸ்டூடியோவுக்கென்றே புதிய குழுவைக் கூட்டிப் பதிந்தார்கள். மேடையில் ஒருநாளும் சேர்ந்து நடிக்காதவர்கள் ஒரு நாடகத்தைக் குரலால் மட்டும் கட்டி எழுப்பினார்கள். அதற்கு இரண்டு உலகமும் தெரிந்த சொப்ரானோ தேவைப்பட்டது. கிர்ஸ்டனின் பெயர் முதலில் வந்ததில் ஆச்சரியமில்லை.

கேப்பிடல் வெளியிட்ட தட்டுகளில் வான் அலெக்சாண்டர் இசைக்குழுவை நடத்தினார். சேர்ந்திசைக்கு ராஜர் வாக்னர் குழு. 1963இல் ராம்பர்க்கின் மூன்று ஆப்பரெட்டாக்கள், அடுத்து 'கிஸ்மெட்'. இதில் 'கிஸ்மெட்' கொஞ்சம் தனி ரகம். 1953இல் பிராட்வேக்கு வந்த மியூசிக்கல். ஆனால் இசை, 1887இல் இறந்துபோன ரஷ்ய இசையமைப்பாளர் போரோடினுடையது. அவர் தொழிலால் வேதியியல் பேராசிரியர்; ஓய்வு நேரத்தில்தான் இசை எழுதினார். அவருடைய 'இளவரசர் இகோர்' ஓபராவில் வரும் பொலவெட்சிய நடனத்தின் மெட்டு, 'கிஸ்மெட்'டில் ஒரு காதல் டூயட் ஆகி உலகமெங்கும் பிரபலமானது. ஓபரா மெட்டு மியூசிக்கலுக்குப் போய், மறுபடி ஓர் ஓபராப் பாடகியின் வாயில் வந்து சேர்கிறது. இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே எவ்வளவு மெல்லிய சுவர் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இந்தத் தட்டுகளின் மதிப்பைக் கூட்டும் இன்னொரு விஷயம் உண்டு. புச்சினி வேடங்களில் கிர்ஸ்டனின் உச்சத்தை இன்று கேட்க வேண்டுமென்றால், பெரும்பாலும் மெட்டின் சனிக்கிழமை வானொலி ஒலிபரப்புகளைத்தான் தேட வேண்டும். 1949இல் பாடகர் யூஸி பியர்லிங்கோடு பாடிய 'மனோன் லெஸ்கோ' அவற்றில் தலையாயது. கண்டிப்பாகக் கேட்க வேண்டியது. ஆனால் முழு ஓபராக்களைப் பெரிய செலவில் ஸ்டூடியோவில் பதிந்த காலத்தில் நாயகி வேடங்கள் மரியா கல்லாஸ், ரெனாட்டா டெபால்டி என்ற பாடகிகளுக்குப் போயின. உலகம் அவர்களைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. திரையில் கிர்ஸ்டனைப் பார்க்க வேண்டுமென்றால் 1951இல் மாரியோ லான்சாவோடு நடித்த 'தி கிரேட் கரூஸோ' இருக்கிறது. அதில் அவர் ஏற்ற பாடகி வேடம் கற்பனைப் பாத்திரம், பாட்டு கற்பனையில்லை. மற்றபடி, நல்ல ஒலித்தரத்தில், நிதானமாக, ஒரு பாத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை அவர் பாடியதைக் கேட்க இந்த ஆப்பரெட்டாத் தட்டுகள்தான் வழி. அவற்றைத் தள்ளிவிட்டு அவரை மதிப்பிடுவது, ஒரு எழுத்தாளரின் கட்டுரைகளை மட்டும் படித்துவிட்டுக் கதைகளைத் திறக்காமலே விடுவது போன்றது.

குரல் எத்தனை காலம் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். 1945இல் தொடங்கிய மெட் வாழ்க்கைக்கு 30 ஆண்டு கழித்து, 1975 டிசம்பர் 31 அன்று 'டோஸ்கா'வோடு விடை கொடுத்தார்கள். அப்புறமும் விடவில்லை. 1979இல் உடல்நலமில்லாத லியோனி ரைசனெக்குக்குப் பதிலாக மறுபடி வந்து டோஸ்காவைப் பாடினார். அப்போது வயது 68. இளம் பாடகிகள் ஆண்டுக்கு ஒரு கனமான வேடமாகச் சேர்த்துக்கொண்டு நாற்பதுகளில் குரல் ஆடிப்போய் நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறோம். ஆப்பரெட்டா பாடினால் ஓபராக் குரல் கெட்டுவிடும் என்று எச்சரித்தவர்களும் உண்டு. கிர்ஸ்டன் விஷயத்தில் நேர்மாறாகத்தான் நடந்தது என்பது என் கணிப்பு. நடு ஸ்தாயியில், சொல் தெளிவோடு, அழுத்தாமல் பாடுகிற ஒழுங்கை ராம்பர்க்கும் வானொலியும் அவருக்கு இடைவிடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தன. டோஸ்காவில் கத்த வேண்டிய இடத்துக்குத் தேவையான பலம் அதனால்தான் மிச்சமிருந்தது.

அவர் கணவர் ஜான் டக்ளஸ் ஃபிரெஞ்ச் நரம்பியல் அறுவை மருத்துவர், லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மூளை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர். மூளையை ஆராய்ந்தவரையே அல்சைமர் நோய் பிடித்தது. கிர்ஸ்டன் அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, நோயாளிகளுக்கான பராமரிப்பு மையம் ஒன்று எழக் காரணமாக இருந்தார். கடைசி ஆண்டுகளின் உழைப்பெல்லாம் அதற்கே போனது. 1992 நவம்பர் 18 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இரண்டு 'ஸ்டூடென்ட் பிரின்ஸ்' தட்டுகளை. ஒன்று 1952இல் கொலம்பியா வெளியிட்டது. ஜோடி டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) ராபர்ட் ரௌன்ஸ்வில், இசை நடத்தியவர் லேமன் எங்கெல். மற்றது 1963இல் மக்ரேயோடு. (ரௌன்ஸ்வில்லும் மக்ரேயும் 'கேரசல்' படத்தில் ஒன்றாக நடித்தவர்கள் என்பது ஒரு சுவையான தற்செயல்.) கதை ஹைடல்பெர்க் நகரத்தில். படிக்க வந்த இளவரசன் கார்ல் ஃபிரான்ஸ், விடுதியில் பீர் பரிமாறும் பெண் கேத்தியைக் காதலிக்கிறான். 'டீப் இன் மை ஹார்ட், டியர்' என்ற வால்ட்ஸ் டூயட் அவர்களுடையது. ஆனால் ராஜ்யக் கடமைக்காக அவன் வேறொரு இளவரசியை மணக்க வேண்டும். ஆப்பரெட்டாவில் அபூர்வமாக, இந்தக் காதலர்கள் சேர்வதில்லை. பிரியும் வேளையில் அதே மெட்டு திரும்ப வருகிறது.

இளவரசன் வேடம் டெனருக்காக எழுதியது. ரௌன்ஸ்வில் பாடும்போது இரண்டு குரல்களும் பக்கத்துப் பக்கத்தில் ஏறுகின்றன; இருவரும் ஒரே வயதுப் பிள்ளைகள்போலத் தோன்றும், யார் முதலில் சொன்னார் என்று தெரியாத காதல். மக்ரே பாரிடோன். அவர் குரல் கீழே நிற்க, கிர்ஸ்டனின் குரலுக்கு மேலே பெரிய வெளி திறக்கிறது. கிர்ஸ்டனுக்கோ அப்போது 50 வயது கடந்துவிட்டது, மின்னியையும் டோஸ்காவையும் பாடிப் பழகிய தொண்டை. ஆனாலும் விடுதிப் பெண்ணாகப் பாடும்போது அதில் ஒரு துளிகூடப் பாரம் ஏற்றவில்லை. மெட்டு முதலில் வரும் இடத்தையும் பிரிவில் திரும்பி வரும் இடத்தையும் இரண்டு தட்டுகளிலும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அந்த 'டியர்' என்ற கடைசிச் சொல்லை அவர் எங்கே வைத்து முடிக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.